அரசனைத் திட்டிய கவிஞனும் கமலத்தின் மூச்சும்

போன மாதம் என் பழைய வேலையிடத்தில் கேக் வெட்டுகிறோம், வா என்று கூப்பிட்டார்கள். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலியில் பதிந்து கொடுக்கும் நிறுவனம் அது. ஒஸ்லோ நகருக்குள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பதிவறைகளில் பாதியை மூடிவிட்டார்கள். பாடப்புத்தகங்களை எல்லாம் இப்போது இயந்திரக் குரல் வாசிக்கிறதாம். நாங்கள் மாதக் கணக்கில் மல்லுக்கட்டிய தடித்த புத்தகத்தை அது ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் வாசித்துத் தள்ளிவிடுகிறது.

அங்கிருந்த இளையவர்கள் நல்ல பிள்ளைகள். "நீ அந்த நாற்காலியில் இவ்வளவு காலம் இருந்து என்னதான் செய்தாய்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். இயந்திரக் குரலைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றும் கேட்டார்கள். எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அதற்குத் தொண்டை கட்டாது, வயிறு இரையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவும் கேட்காது. ஆனால் அது மூச்சு எடுப்பதில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். ஏன் என்றார்கள். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற கதையா அது? வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. இவ்வளவையும் எழுதுவதற்குள் எழுந்து போய் கேத்திலைப் போட்டு, யன்னலால் எட்டிப் பார்த்து, திரும்பி வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், மணவறையிலும் அப்படித்தான். இப்படிப்பட்ட ஒருவனுக்கு அசையாமல் இருந்து கேட்கிற வேலை வாய்த்தது என் தலையெழுத்து.

திருகோணமலையில் நான் ரேடியோ திருத்தும் கடையில் நின்றவன். ஒஸ்லோவுக்கு வந்து முதலில் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். பிறகு ஒலிப்பதிவு பற்றி ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கே படிப்பித்தவர் சொல்லித்தான் இந்த வேலை கிடைத்தது. பழகும் காலத்தில் என்னிடம் அதிகம் திட்டு வாங்கியது என் வலது முழங்கால். அது தானாக ஆடும், ஆடினால் நாற்காலி கிறீச்சிடும், அதை மைக் பிடித்துவிடும்.

வேலை என்னவென்றால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசிப்பவர் இருப்பார். இந்தப் பக்கம் நான், அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியும் பென்சிலுமாக. அவர் வாசிக்க வாசிக்க நான் வரி வரியாகப் பின்னால் போவேன். பிழை வந்தால் நிறுத்தி, அந்த வசனத்துக்கு முன்னால் அவர் மூச்சு எடுத்த இடம் வரை பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மூச்சுக்கு நடுவில் வெட்டினால் கேட்பவருக்குத் தூக்கிப்போடும். எங்கள் தொழிலில் எல்லாமே அந்த மூச்சில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் யாரும் பேசாத வெறும் அறையின் அமைதியையும் கொஞ்சம் பதிந்து வைப்போம். அடுத்தடுத்த வசனங்களுக்கு இடையில் ஒட்டுப்போட அது தேவைப்படும். வாசிப்பவரின் வாய் காய்ந்து பசைச் சத்தம் வந்தால் பச்சை அப்பிள் ஒரு துண்டு கொடுப்போம். உரசிச் சத்தம் போடும் நைலோன் சட்டை போட்டு வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அனுப்புவது எங்கள் தலைமை, சிக்ரிட். நெட்டையான பெண், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பதிந்து முடித்த புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், கை தன்பாட்டில் பின்னல் பின்னிக்கொண்டிருக்கும். பின்னல் நின்றால் எங்கோ பிழை என்று அர்த்தம். பாராட்டி நான் கேட்டதில்லை. நன்றாக இருந்தால் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள். நோர்வேஜிய மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான், ஆகவே அவள் பேசியதையும் அப்படியே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னாள்: "நாதன், கண் தெரிகிறவன் பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். புரட்டுவது அவன் உரிமை. நீ புரட்டக் கூடாது. அச்சில் இருப்பது எல்லாம் காதுக்குப் போக வேண்டும். அடிக்குறிப்பும் போக வேண்டும், அசிங்கமும் போக வேண்டும்."

அடிக்குறிப்புத்தான் கஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இனி கமலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் நாங்கள் இருந்த அதே கட்டடத்தில், எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்தாள். மட்டக்களப்புக்காரி. அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவள், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் நேரத்தோடு காலமாகிவிட்டார். ஒரே மகள் தர்சினி, இங்கேயே பிறந்தவள். சின்ன வயதிலேயே கண் மங்கத் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஆங்கில இலக்கியத்தில் மாஸ்டர் வரைக்கும் வந்துவிட்டாள். பள்ளிக்காலம் முழுக்கத் தாய்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். பாடம், பத்திரிகை, ஊர்ச் செய்தி எல்லாம் கமலத்தின் குரலில்தான் அந்தப் பிள்ளைக்குப் போனது.

அது கடல் பொங்கி ஊரை அழித்த வருடத்துக்கு அடுத்த வசந்தம். எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளாத காலம். யாருடைய போன் அடித்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். கமலத்தின் தங்கை மட்டக்களப்புக் கரையில், கல்லடி என்ற ஊரில் கடலோடு போய்விட்டாள். தர்சினிக்கு அந்தச் சின்னம்மா என்றால் உயிர், ஞாயிறு தவறாமல் போனில் கதைப்பாள். கமலம் எங்கள் எல்லோரிடமும் கையைப் பிடித்துக் கேட்டாள், பிள்ளையின் படிப்பு முடியும் வரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று. எங்கள் ஆட்களில் இது புதுமையில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. சின்னம்மா முகாமில் இருக்கிறாள், அங்கே போன் வசதி இல்லை என்று சொல்லி வைத்திருந்தாள். நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் தர்சினி கேட்ட புத்தகம் எங்களுக்கு வந்தது. மாணவர்கள் கேட்கும் புத்தகத்தை முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு கவிஞனின் வாழ்க்கையும் பாடல்களும். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் என் பேரப்பிள்ளைகள் உடனே போனில் தேடிப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்த்து முழிப்பார்கள். பெரிய இடத்துப் பிள்ளை, அரசவையில் செல்லம், பேச்சில் நெருப்பு. குடியும் கூத்தும் சொல்லி மாளாது. கண்டவரை எல்லாம் நையாண்டி பண்ணிப் பாட்டு எழுதுவான், அது பெயர் போடாமல் கைக்குக் கை போகும்.

வாசித்தவர் எட்மண்ட் என்ற ஆங்கிலேயர். நோர்வேப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்ட பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும் வாசிப்பார். என்ன குரல்! வாழ்க்கை வரலாற்றுப் பகுதியை அவர் வாசித்தபோது என் முழங்கால்கூட ஆடவில்லை. கவிஞன் ஒரு நாள் அரசனுக்கு வேறு ஏதோ பாட்டைக் கொடுக்கப் போய், கை தவறி அரசனையே கிழித்து எழுதிய பாட்டை அரசன் கையிலேயே கொடுத்துவிட்டானாம். கொடுத்துவிட்டு ஓட்டம். இன்னொரு தரம் அரசவையிலிருந்து துரத்தப்பட்டு, தாடி ஒட்டிப் போலி வைத்தியனாக வேடம் போட்டு, லண்டனில் கடை விரித்து, ஊர்ச் சனத்துக்கு மருந்து விற்றானாம். எட்மண்ட் சிரிப்பை அடக்க முடியாமல் பதிவை நிறுத்தச் சொன்னார். "போக்கிரி, சரியான போக்கிரி. ஆனால் என்ன ஆங்கிலம்!" என்றார்.

தர்சினிக்கு அவசரம் என்பதால் முடித்த பகுதிகளை முடிக்க முடிக்க சீடியில் அனுப்பினோம். அவள் சமையலறையில் வைத்துப் போட்டுக் கேட்பாளாம். போலி வைத்தியன் கதைக்குக் கமலம் விழுந்து விழுந்து சிரித்ததாக லிஃப்டில் கண்டபோது தர்சினி சொன்னாள். கடல் பொங்கிய பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் என்று நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தரம். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பிறகு பாடல்கள் வந்தன.

அரசனைக் கிழித்த அந்தப் பாட்டில், அவனுடைய நாடாளும் திறமையையும் படுக்கையறைத் திறமையையும் ஒரே கோலால் அளந்திருந்தான் கவிஞன். மூடி மறைத்து ஒன்றும் இல்லை, உறுப்புகளை எல்லாம் பெயர் சொல்லியே அழைக்கிறான். எட்மண்ட் முதல் சில வரிகளை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த இடங்களில் நான் ஒரு நொடி பேசாமல் இருக்கிறேன், நீ அந்த அமைதியை வைத்து ஒட்டிவிடு" என்றார்.

"அது முடியாது" என்றேன்.

"நான் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிற வாய் இது, நாதன்."

சிக்ரிட்டைக் கூப்பிட்டேன். வந்தாள், நின்றபடி கேட்டாள், முடியாது என்றாள். எட்மண்ட் கோபிக்கவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மிச்ச அப்பிள் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆங்கிலம் வாசிக்கும் மற்றவர்களில் ஒருவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை, இன்னொருவர் ஊருக்குப் போய்விட்டார். தர்சினி ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அவள் எழுதுவதே அந்தப் பாடல்களைப் பற்றித்தான்.

சிக்ரிட் என்னைப் பார்த்தாள். "நீ வாசி."

"என் ஆங்கிலம் இலங்கை ஆங்கிலம்."

"இருக்கட்டும்."

"அந்தப் பிள்ளை என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். என் குரல் அவளுக்குத் தெரியும்."

"வளர்ந்த பெண். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்" என்றாள் சிக்ரிட். இதில் என்ன பிரச்சினை என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இரத்தத்தில் இல்லாத மாமாவுக்கு இரத்தத்தில் உள்ள மாமாவைவிட நாக்கில் கட்டுப்பாடு அதிகம் என்பதை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல் நடைபாதையில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்தேன்.

அந்த வாரம் உடுப்புத் தோய்க்கப் போனேன். கட்டடத்துக்கு எல்லாம் பொதுவாகக் கீழே ஒரு அறை, வரிசையாக மெஷின்கள். கமலம் அங்கே நின்றாள். எல்லா மெஷினும் ஓடத் தொடங்கும் வரை பேசாமல் நின்றுவிட்டு, அந்த இரைச்சலுக்குள் கிட்ட வந்தாள்.

"அண்ணன், அந்தப் புத்தகத்த நான் புரட்டிப் பாத்திட்டன். பிள்ளை லைப்ரரியில எடுத்து வெச்சிருக்கிறா. உள்ளுக்க என்ன கிடக்கெண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் கமலம்."

"அந்தக் கெட்ட பாட்டுகள மட்டும் விட்டுட்டுப் பதிஞ்சு குடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கிறன்."

"அப்பிடிச் செய்ய ஏலாது. எங்கட வேலையில அது பெரிய பிழை."

"ஆருக்குத் தெரியப் போகுது? அவளுக்குப் புத்தகத்தப் பாக்க ஏலாதுதானே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போல. முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. மெஷினுக்குள் சுற்றும் உடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட புலவர்மாரும் வசை பாடினவங்கதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல" என்றாள் பிறகு. "ஆனா தாயும் மகளும் ஒரு குசினிக்குள்ள இருந்து கேக்கிற சாமானா இது? அந்தாள்ர தாய்கூட அவன் செத்த உடன எழுதினதெல்லாத்தையும் எரிப்பிச்சதாமே. நீங்க பதிஞ்ச சீடியில, முன்னுரையிலயே கேட்டன். அந்தத் தாய்ட மனம் எனக்கு விளங்குது. மறுகா, அந்த வெள்ளைக்காரர் இல்லாட்டி ஆரு வாசிக்கப் போறது?"

"நான்தான்."

"நீங்களா?"

ஈரமாக இருந்த மற்ற உடுப்புகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு லிஃப்டுக்குள் நான் நிற்பதைக் கண்டால் படியால் ஏறினாள். என் மனைவி காரணம் கேட்டாள். கேத்திலைப் போடப் போகிறேன் என்று எழுந்து போனேன்.

ஒரு வழியும் தெரியாமல் நேரே தர்சினியிடமே போனேன். சிக்ரிட் அவளுக்குப் போன் எடுத்து, வாசிக்கிறவர் மாறுகிறார், புத்தகம் கொஞ்சம் சுணங்கலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஸ்டோவ்னர் கடைத்தொகுதிப் பக்கம் நடப்போம் என்று கூட்டிக்கொண்டு போனேன். பனி உருகிய பாதையில் சறுக்காமல் இருக்கப் போட்ட சல்லிக்கல் கிடந்தது. அவளுடைய வெள்ளைத் தடி அதில் உரசி உரசி வந்தது.

"மாமா, ஓடுறீங்கள்" என்றாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"பிள்ளை, அந்தப் பாட்டுகளை மட்டும் உன்ர கூட்டாளி ஒருத்தியைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேட்டா என்ன?"

"ஏன், உங்களுக்கு வெக்கமா?"

"உனக்கு வெக்கமில்லையா?"

"வெக்கம்தான். ஆனா என்ர மாஸ்டர்ஒப்காவ, அந்த ஆய்வேடு, முழுக்க அதைப் பற்றி, இக்கே சாண்ட், அப்பிடித்தானே? அந்த மனுசன் செத்த உடன அவர் எழுதினதில எவ்வளவோ எரிச்சுப் போட்டினம். எரிஞ்சது போக மிச்சத்தைத்தான் உலகம் படிக்குது. அந்த மிச்சத்திலயும் மிச்சத்தைத்தான் எனக்குத் தரப் போறீங்களோ?"

அவளே தொடர்ந்தாள்.

"அம்மா எனக்குச் சின்னனில இருந்து வாசிச்சவ. ஒண்டை விட்டிட்டு வாசிக்கப் போறா எண்டால் அதுக்கு முன்னால ஒரு மூச்சு எடுப்பா. சின்ன மூச்சு, ஆருக்கும் கேக்காது. எனக்குக் கேக்கும். பேப்பரில கண் பாக்காமல் போற வருத்தத்தைப் பற்றி ஏதும் வந்தா அந்த மூச்சு வரும். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டா அவ இன்னும் கவனமா விடப் பாப்பா."

தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடல் வந்ததுக்குப் பிறகு கொம்பியூட்டரில ஊர்ச் செய்தி வாசிச்சவ, மாமா. கல்லடி எண்டு சொல்லிப்போட்டு ஒரு மூச்சு எடுத்தவ. பிறகு வேற ஊர்ச் செய்திக்குப் போயிட்டா. நான் அப்பவே நினைச்சனான். பிறகு ட்ரெயினில ஆரோ ரெண்டு பேர், நான் இருக்கிறது தெரியாமல், கதைச்சுக்கொண்டு வந்தவை. சின்னம்மா இல்லை எண்டது அப்படித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் எல்லாரும் அழுது முடிச்சாப் பிறகு நான் தனிய அழுதனான். அம்மாவுக்கு நான் அறிஞ்சது தெரியாது. அவ சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

என் கால்கள் நின்றுவிட்டன. அந்தப் பிள்ளைக்கு முன்னால் மாதக் கணக்காக லிஃப்டில் நின்று, குளிரைப் பற்றியும் ரயில் பிந்துவதைப் பற்றியும் கதைத்தவர்கள் நாங்கள். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நடவுங்கோ மாமா, குளிருது" என்றாள்.

அடுத்த நாள் நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் என் நாற்காலியில் சிக்ரிட். அவள் கையில் அன்று பின்னல் இல்லை, பென்சில் இருந்தது. தொடங்கினேன். உடனே நிறுத்தினாள்.

"முழங்கால்."

சப்பாத்தைக் கழற்றினேன். கால்விரல்களைக் கம்பளத்தில் ஊன்றிக்கொண்டு மறுபடி வாசித்தேன். மறுபடி நிறுத்தினாள்.

"நீ மன்னிப்புக் கேட்கிறாய், நாதன். கவிதையில் மன்னிப்பு எங்கே இருக்கிறது? காட்டு."

எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து ஓடிவிடத்தான் பார்த்தேன், காதுக் கருவியின் வயர் இழுத்துப் பிடித்தது. அந்த ஆத்திரத்தோடு வாசித்தபோதுதான் கொஞ்சம் சரியாக வந்தது. அந்தக் கவிஞனும் ஆத்திரத்தில்தான் எழுதியிருப்பான் போல. ஒவ்வொரு சொல்லையும் சொன்னேன், ஒன்றையும் விழுங்கவில்லை. அரசனை முடித்து, மற்றவற்றையும் முடித்து, கடைசியில் அவன் நோயில் கிடந்து மனம் திரும்பியதாகப் பாதிரியார் எழுதியதையும், தாய் கட்டிலருகில் இருந்ததையும் வாசித்து முடித்தேன். சிக்ரிட் முழுவதையும் திருப்பிக் கேட்டாள். "அரசன் பாட்டில் ஒரு இடம் வேகம். நாள் இல்லை, போகட்டும்" என்றாள். சீடி தபாலில் போனது.

அதன் பிறகு நானும் படியால் ஏறத் தொடங்கினேன். ஒருவரையொருவர் சந்திக்கக் கூடாதென்று கமலமும் நானும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, மேலே காலடிச் சத்தம் கேட்டால் கீழே காத்திருந்து, என்ன வாழ்க்கை அது! அவள் அந்தச் சீடியைக் கேட்டிருப்பாளா, சமையலறையில் என் குரல் கேட்டதும் எழுந்து போயிருப்பாளா என்றே எந்த நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஹவுகன்ஸ்டுவா ரயில் மேடையில் பிடிபட்டேன். காலை நேரம், வேலைக்குப் போகிற கூட்டம். ஓடி ஒளிய இடமில்லை. கமலம் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணன்."

"சொல்லு கமலம்."

"அரசனப் பத்தின பாட்டில நீங்க ஓடிட்டீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நடுவில, அந்த மோசமான இடம் வரக்குள்ள. ஓடினதில ஒரு மண்ணும் விளங்கேல்ல. அது ஓடுற இடமில்ல, அண்ணன். அந்தாள் அதில நிண்டு, அரசன்ர முகத்தப் பாத்துச் சொல்றான். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில நிக்க வேணும், அப்பதான் மற்ற வரி வந்து அடிக்கும். என்ட வகுப்பில இப்பிடி ஓடின பிள்ளையள எழுப்பித் திரும்ப வாசிக்க வெச்சிருக்கன்."

ரயில் வந்து நின்றது. "உங்களுக்கு எப்பவும் அவசரம்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். நான் ஏறவில்லை. கதவு மூடி ரயில் போன பிறகும் அங்கேயே நின்றேன். ஓய்வு பெறும் வரை என் வாசிப்புக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

அன்று பின்னேரம் கீழ்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கமலம் வேலையால் வந்திருக்கவில்லை. தர்சினிதான் திறந்தாள். காலையில் நடந்ததைச் சொன்னேன். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"உங்கட அந்த இடம் எனக்கும் விளங்கேல்லை மாமா. திருப்பித் திருப்பிப் போட்டனான். அம்மா அடுப்படியில நிண்டவ. பிறகு அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, புத்தகத்தைத் திறந்தவ. நான் வாசிக்கச் சொல்லிக் கேக்கவே இல்லை."

"கமலம் அதை வாசிச்சதா?"

"எழும்பி நிண்டு வாசிச்சவ, டீச்சர்மார் மாதிரி. எல்லாத்தையும். நான் அந்த மூச்சு எப்ப வரும் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருந்தனான். அரசன் பாட்டு முடிஞ்சுது, வரேல்லை. மற்றதுகளும் முடிஞ்சுது, வரேல்லை. ஒரு சொல்லும் விடேல்லை."

அவள் சிரிப்பு நின்றிருந்தது. கை கதவுப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தது.

"முடிச்சிட்டுப் புத்தகத்தை மேசையில வைச்சவ. அப்பதான் அந்த மூச்சு வந்தது, மாமா. நான் பயந்திட்டன், திரும்பவும் எதையோ விடப் போறா எண்டு. அம்மா என்ர கையைப் பிடிச்சவ. 'தர்சினி, உன்ட சின்னம்மா...' எண்டு தொடங்கினவ."